ரெண்டு என்று சொன்ன வலி

தம்பி,

இதை வாட்சாப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்று மூன்று தடவை முயன்று பார்த்தேன். மூன்று தடவையும் பொத்தானை அமுக்கியதும் என் வாயிலிருந்து வந்தது, "அப்பா நல்லா இருக்கேன்லா, நீ சாப்பிட்டியா" என்பதுதான். அழித்துவிட்டேன். என் வாய்க்கு அந்தப் பாட்டு ஒன்றுதான் தெரியும் போலிருக்கிறது. அதனால் உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். உன் அம்மா காய் வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள். வந்தால் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்பாள், அதற்குள் முடித்துவிட வேண்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை வீடியோவில் என்னை நடந்து காட்டச் சொன்னாய். முட்டி மாற்றி ஐந்து மாதம் ஆகிவிட்டதே, அப்பா எப்படி நடக்கிறார் என்று பார்க்க ஆசைப்பட்டாய். நான் ஐஸ்பெட்டியிலிருந்து சாமி அலமாரி வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். "சூப்பர்ப்பா" என்றாய். நீ கூப்பிடுவதாகச் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் நான் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டது உனக்குத் தெரியாது. போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி என்று உன் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டியதும் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் பார்த்தால் நான் சிங்கம் மாதிரிதான் நடக்கிறேன். நீ போனை வைத்த பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. உன் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கோபமாக இருந்தால் அவள் பாத்திரம் எப்படிச் சத்தம் போடும் என்று உனக்குத் தெரியும்.

வலிக்கிறது, தம்பி. இதை எழுதும்போதே கை கூசுகிறது. பழைய வலி இல்லை இது. பழையது எலும்பும் எலும்பும் உரசிய வலி, அது போய்விட்டது, டாக்டர் சொன்ன வாக்கு பொய்யில்லை. இது வேறு. யாரோ பஸ் டியூபைக் கிழித்து என் இடது முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் நாலு அடிக்கு அது என் கால்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. கால் முழுக்க நீளாமலும் நிற்கிறது, முழுக்க மடங்காமலும் நிற்கிறது. நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டுவிட்டது. வெளிப்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குத் தொட்டால் உணர்ச்சியே இல்லை. அதன் பக்கத்திலேயே துணி உரசினால்கூட எரிகிறது.

வலியைவிட என்னைத் தின்பது வேறு ஒன்று. முட்டி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இடது உள்ளங்கையை இடது முட்டியில் வைக்கிறேன், வலது உள்ளங்கையை வலது முட்டியில் வைக்கிறேன், எது சூடு என்று பார்க்கிறேன். பிறகு கையை மாற்றி வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இந்தக் கூத்து நடக்கிறது. ஒரு தடவை சூடாகத் தெரிகிறது, அடுத்த தடவை இல்லை. அப்புறம் என் கைமேலேயே எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் பயந்துவிடுவாள். அவள் எப்படி இந்த விஷயத்தில் பயந்துபோனாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மிச்சம் உனக்குப் புரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவள் என்னைப் பிள்ளை பெற்றவளாக ஆக்கிவிட்டாள். நீ பிறந்தபோது அவள் எப்படி நாற்பது நாள் பத்தியம் இருந்தாளோ, மலாய்க்காரர்கள் சொல்கிற அந்தப் பந்தாங், அதை ஒன்று விடாமல் எனக்கு வைத்தாள். வெள்ளரிக்காய் கூடாது, கத்தரிக்காய் கூடாது, காற்றாடி கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. அறுத்த உடம்பு பச்சை உடம்பு, காத்து புகுந்துரும் என்றாள். பூண்டுக் குழம்பும் கருவாடுமாக மூன்று வேளையும் வந்தது. புந்தோங்கில் நம் வரிசையில் இருக்கிற பெண்கள் எல்லாம் வந்து, சரியாகத்தான் செய்கிறாய் என்று அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பேர் என்ன வைக்கப் போறீங்க என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். நானும் சிரித்தேன்.

அந்தப் பத்தியத்தில் ஒன்றுதான் வினையாகப் போயிற்று. கால் நீட்டினால் எனக்கு வலிக்கிறது என்று பார்த்து, அவள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள். உன் சின்ன வயசுத் தலையணை, இலவம் பஞ்சு. வைத்ததும் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. முட்டி லேசாக மடங்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், வலி அடங்கிவிடும். ஆறு வாரம் இரவும் பகலும் அதன் மேலேயே கிடந்தேன். முட்டிக்கு அடியில் எதுவும் வைக்காதீர்கள், குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், முட்டி தானாகக் கீழே இறங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிசியோ, படம் போட்ட தாள் கொடுத்திருந்தாள். அந்தத் தாள் சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக வைத்தோமே தவிர ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் உன் அம்மாவும் பிசியோவுக்குக் கூட வந்தாள். அந்தப் பெண் என் காலை அளந்துவிட்டு, வீட்டில் எப்படிப் படுக்கிறார் என்று மலாயில் கேட்டாள். உன் அம்மா பெருமையாகத் தலையணைக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை, நல்ல பெண். "ஆன்ட்டி, அந்தத் தலையணதான் காலப் பூட்டிருச்சு" என்கிற அர்த்தத்தில் மெதுவாகத்தான் சொன்னாள். உன் அம்மா அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்தத் தலையணையை வெளியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், "என் கையாலயே உங்க கால மொடக்கிட்டேனே" என்று அழுதாள். அன்றைக்கிலிருந்து நான் முகம் சுளித்தால் அவள் முகம் செத்துப்போகிறது. அவள் முன்னால் எனக்கு வலியே கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனால் தலையணை மேல் மட்டும் பழியைப் போட்டால் நான் பெரிய யோக்கியன் ஆகிவிடுவேன். அதில் பாதிக்கு மேல் என் வாய் செய்த வேலை.

பிசியோ அறையில் நுழைந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான். "பாக்சிக், சாக்கிட் பெராப்பா?" அங்கிள், வலி எத்தனை? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். நான் முதல் நாள் "டுவா" என்றேன். ரெண்டு. அன்றைக்கு உண்மையில் எட்டு இருக்கும். அதற்கப்புறம் எந்த நாள் கேட்டாலும் ரெண்டுதான். காலை மடக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும், ரெண்டு. சட்டை முதுகு நனைந்துவிடும், ரெண்டு. நர்ஸ் மிஸ்ஸி கேட்டாலும் ரெண்டு, டாக்டர் கேட்டாலும் ரெண்டு. அவர்கள் அதை நம்பித்தானே தம்பி வேலை செய்வார்கள். இந்த அங்கிளுக்கு வலி கம்மி என்று பலமான மாத்திரையை நிறுத்தினார்கள். வீட்டிலேயே நன்றாகச் செய்துகொள்வார் என்று வாரம் ஒரு தடவை வரச் சொன்னதை மாதம் ஒரு தடவை ஆக்கினார்கள். வீட்டுக்கு வந்தால் மாத்திரை இல்லாமல் காலை அசைக்க முடியாது. அசைக்காததால் இறுகிப்போயிற்று. இறுகியதால் இன்னும் வலித்தது. நான் போய் மறுபடியும் ரெண்டு என்றேன்.

என்னோடு அதே நேரத்துக்கு ஒரு சீனக்கார அம்மா வருவார். மெங்லெம்புவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவராம், என் வயதுதான். அவர் காலைத் தொட்டாலே போதும், கூரை பறக்கும். "ஐயோயோ, ஸ்தோப், ஸ்தோப், ஒம்பதுலா மிஸ்ஸி, பத்துலா" என்று மூன்று பாஷையிலும் கத்துவார். நானும் சிம்மோரிலிருந்து வரும் இன்னொரு தமிழரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். "எஸ்டேட்டு சோறு தின்னுருந்தா தாங்கும்" என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன். கத்தின அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், ஐஸ் வைத்தார்கள், கால் மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும் மடக்கினார்கள், வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் அவர் கைப்பிடியைத் தொடாமல் படி ஏறி இறங்கிக் காட்டினார். இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "அங்கிள், நீ நல்லா தாங்குற, ஆனா கால் ஏன் இன்னும் கட்டை மாதிரி?" என்று மலாயில் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் ஏன் இப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். சாக்கு சொல்கிறேன் என்று நினைக்காதே. இதை நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

உன் தாத்தாவை உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே போய்விட்டார். கோலா கங்சார் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில் அவர் பால்வெட்டு, எனக்குப் பதினேழு ஆனபோது நானும் அங்கேயே புல்வெட்டு. ஒரு மழைக்காலத்தில் பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கம்பில் சுமந்துகொண்டு வரும்போது அவர் மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்தார். முட்டி பூசணி மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் அப்பா முன்னால் நின்று, "என்னா, காலு நோவுதா?" என்றார். "இல்லீங்க ஐயா, லேசா ஒரசிக்கிச்சு, அவ்ளோதான்" என்றார் அப்பா. டிரசர் போய்விட்டார்.

அங்கே எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். நோவுது என்று சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதுவார்கள். அப்படி இரண்டு மூன்று தடவை எழுதிவிட்டால் செக்ரோலில், அதுதான் ஆள்கணக்குப் புத்தகம், பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆறு பேர் படுக்கிற வீடு அது. அதனால் யாராவது மேலே இருப்பவர் நின்று, வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த பதில். வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் அது தானாக வரும். எனக்கு இந்த வயதிலும் தானாக வருகிறது. என் பேரை வெட்ட அந்த பிசியோப் பெண்ணிடம் எந்தச் செக்ரோலும் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை.

உன் தாத்தாவின் முட்டி அதோடு மடங்காமலே போயிற்று. அவரால் தரையில் சம்மணம் போட முடியாது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் சுவரில் சாய்ந்து நிற்பார், எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமையல்கட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருவார். இந்த ஆளுக்கு என்ன திமிரு, நம்ம கூட உக்காந்து சாப்ட மாட்டாராம் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது. கால் மடங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திமிர் பிடித்தவன் என்ற பேரே பரவாயில்லை என்று இருந்துவிட்டார். எஸ்டேட்டை விட்டு புந்தோங்குக்கு வந்து, வெட்டுவதற்குச் செக்ரோலே இல்லாத காலத்திலும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். நானும் அவரிடம் கேட்டதில்லை. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்று இந்த ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அவரோடு நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. உனக்குப் பதினொரு வயதில் திடலில் பந்து விளையாடும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா. தீபாவளி நேரம், எனக்கு ஓயாமல் டிரிப் இருந்தது. நீ இரண்டு நாள் அதை மறைத்து, இடது கையால் சோறு தின்று, அம்மா அடித்தபோதும் காரணம் சொல்லாமல் இருந்தாய். மூன்றாம் நாள் நான்தான் பார்த்தேன், கை நீலமாகிப் பருத்துக் கிடந்தது. கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது சரி. அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. ஒரு மாதத்துக்கு என் பஸ்ஸில் ஏறுகிற ஆளிடமெல்லாம், "என் மவன் கை ஒடஞ்சி ரெண்டு நாளு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலலா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ முன் சீட்டில் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து அதைக் கேட்டாய். உன் முகம் எப்படி மலர்ந்தது என்று கண்ணாடியில் பார்த்தேன். வலியை மறைத்தால் அப்பா ஊரெல்லாம் மெச்சுவார் என்று நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

போன வருஷம் சிங்கப்பூரில் சிறுநீரகக் கல்லுக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். ஒரு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் சொன்னாய். நான் கத்தினேன். "உங்களப் பயப்படுத்த வேணாம்னுதான்ப்பா" என்றாய். நான் போனை வைத்துவிட்டு, பெற்றவனிடம் இப்படி மறைக்கிறானே, எங்கே கற்றுக்கொண்டான் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "ஆமா, எங்கதான் கத்துக்கிட்டானோ" என்றாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்தது வைத்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என் காலை மடக்கிப் பார்த்தார், ஒரு இடத்துக்கு மேல் போகவில்லை. முட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "அங்கிள், வலி எவ்ளோ?" என்றார். அவரும் தமிழர்தான், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் ரெண்டு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டுன்னா இந்தக் கால் இப்படி இருக்காது அங்கிள். எனக்கு நீங்க உண்மையச் சொன்னாத்தான் நான் எதாவது செய்ய முடியும்" என்றார். நான் மறுபடியும் சிரித்தேன். ரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமி எதுவும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். கிருமி இல்லை என்றால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதா, உள்ளே ஒட்டியிருப்பதைச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடுவதா, இல்லை மருந்தும் பயிற்சியும் வைத்தே சரிக்கட்டுவதா என்று பார்க்கலாம் என்றார். எதைச் செய்வது என்பது வலி எப்படி, எப்போது, எங்கே என்று நான் சொல்வதை வைத்துத்தான் என்றார். கிருமி இருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து மிஸ்ஸியிடம் கேட்டேன். சில பேருக்குத் திறந்து கழுவ வேண்டிவரும், சில பேருக்கு வைத்ததையே எடுத்துவிட்டு மறுபடியும் வைக்க வேண்டிவரும், ஆனால் இப்போதே கவலைப்படாதீர்கள் அங்கிள் என்றாள். அந்தக் கடைசி வார்த்தை என் மனதில் ஏறவே இல்லை.

அன்றைக்கிலிருந்துதான் இந்தத் தொட்டுப் பார்க்கிற வியாதி. ஒரு பேச்சுத்துணைக்குக் கடைக்குப் போனால் அங்கே வேறு கதை. என் மாமாவுக்குப் பண்ணாங்க, ஒரு மாசத்துல மோட்டார் ஓட்டினாரு என்கிறான் ஒருத்தன். இரும்பு வெச்சிருக்கே, இடி மின்னலுக்கு வெளிய போகாதீங்க அண்ணே என்கிறான் இன்னொருத்தன். கிளெடாங் மலைப்பக்கம் உருவிவிடுகிற ஒரு மலாய்க்கிழவர் இருக்கிறார், ரெண்டு பிடியில் நேராகிவிடும் என்று மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் பேச்சைக் கேட்டு ஒரு நாள் பாதி வழி போய்விட்டேன், பயந்து திரும்பி வந்துவிட்டேன். அந்த அளவுக்கு என் புத்தி போயிருக்கிறது என்று தெரிந்துகொள்.

சும்மா உட்கார்ந்து பயந்துகொண்டும் இல்லை. பலமான மாத்திரை மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பயிற்சிக்கு முன்னால் போட்டுக்கொள்கிறேன், நீ கூப்பிடுவதற்கு முன்னால் போடுவது இல்லை, சனிக்கிழமையோடு அது முடிந்தது. குதிகாலுக்கு அடியில் துண்டு வைக்கிறேன். உறைபட்டாணிப் பாக்கெட்டைத் துணியில் சுற்றி முட்டியில் வைக்கிறேன், அந்தப் பட்டாணியை உன் அம்மா இனிமேல் குருமாவில் போட மாட்டேன் என்கிறாள். காலையில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை நடை, மாலையில் திரும்பவும். நல்ல நாளில் மூன்று கம்பம், கெட்ட நாளில் வாசல் கேட்டோடு சரி. முன்பெல்லாம் கெட்ட நாள் வந்தால் போயிற்று, எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைப்பேன். இப்போது ஒரு காகிதத்தில் தினமும் குறித்து வைக்கிறேன். எப்போது வலித்தது, எவ்வளவு, என்ன செய்தேன் என்று. அதில் பொய் எழுதவில்லை. காகிதத்தில் ஆறு இருக்கிறது, ஏழு இருக்கிறது, போன செவ்வாய்க்கிழமை எட்டு இருக்கிறது. யாரும் எதிரில் நின்று கேட்காதபோது எனக்கு உண்மை வருகிறது.

வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரத்தம் என்ன சொல்கிறது என்று டாக்டர் சொல்வார், என்ன செய்வது என்று முடிவு செய்வார். இந்தத் தடவை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவைக் கூட்டிப் போகலாம்தான். அவள் வந்தால் நான் என்ன ஆனாலும் ரெண்டுதான் சொல்வேன். அவள் கேட்கிற இடத்தில் ஏழு என்று என்னால் சொல்ல முடியாது, அவள் தலையணையை நினைத்துக்கொள்வாள். தனியாகப் போனாலும் ரெண்டுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் காட்டாமல் வந்துவிடக்கூடிய ஆள் நான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. நாளைக்கு உனக்கு எங்காவது வலித்தால், கேட்டவர் யாராக இருந்தாலும், முதல் நாளே உள்ளதைச் சொல். மருமகளிடம் சொல், என்னிடம் சொல். நான் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், பயப்படுவதற்குத்தானே அப்பா. உன்னை நான் இனிமேல் தாங்கினாய் என்று மெச்சமாட்டேன். அன்றைக்குப் பஸ்ஸில் மெச்சியதற்கு, தம்பி, என்னை மன்னித்துவிடு.

நீ வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். டாக்டர் கேட்கும்போது நான் சிரித்தால் விடாதே. அந்தக் காகிதத்தை என் சட்டைப் பையிலிருந்து நீயே எடுத்து அவரிடம் கொடு. கிருமி என்று சொன்னால் அடுத்த கேள்வியை நீ கேள், எனக்கு நாக்கு வராது. எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடியும் அறுப்பார்களோ என்று பயம், அறுத்தும் இப்படியே நின்றுவிடுமோ என்று பயம், என் அப்பா மாதிரிச் சுவரில் சாய்ந்து நின்றே என் காலமும் போய்விடுமோ என்று பயம். இத்தனை வயதில் இந்த வார்த்தையை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் ஈப்போ வந்துவிடலாம். உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால் இந்த இடத்தில், "லீவு கிடைக்கலைன்னா பரவாயில்லை, அப்பா பார்த்துக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினேன். இதற்கு மேலே கறுப்பாக அடித்திருக்கிறதே, அது அந்த வரிதான்.

பரவாயில்லை என்று இல்லை, தம்பி. வா.

அப்பா